பிணத்தின் இடது கை

என் பெரியம்மா பிணமாக நடித்துப் பிழைத்தவள்.

பேய்ப் படங்கள் வரிசைகட்டி வந்துகொண்டிருந்த காலம் அது. ஸ்டூடியோவில் உடுப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுவதுதான் அவளுக்கு முதலில் கிடைத்த வேலை. இன்றைக்கு ரத்தச் சாயத்தில் நனைந்த அங்கி நாளைக் காலையில் மறுபடி வெள்ளையாக மாட்டியிருக்க வேண்டும். ஒருநாள் பிணமாகப் படுக்க வந்த பெண்ணுக்குத் தும்மல் நிற்கவே இல்லை. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது துணிக்கூடையோடு குறுக்கே போனவள் பெரியம்மா. “ஏம்மா, நீ கொஞ்சம் வந்து படு” என்றார்களாம். படுத்தாள். கேமரா ஓடி முடிந்து, விளக்குகளை அணைத்து, எல்லோரும் சாப்பிடக் கிளம்பிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. லைட்மேன் பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்திருக்கிறார்.

“எந்திரிக்கலாம்னு யாரும் சொல்லலியே” என்றாளாம் பெரியம்மா, கண்ணைத் திறக்காமலே.

அதற்குப் பிறகு துவைப்பதோடு சாவதும் அவள் வேலையானது. கொலையான மனைவி, கல்லறையில் கிடப்பவள், சவப்பெட்டியில் போகிறவள், எல்லாம் அவள்தான். எத்தனை படம் என்று அவளுக்கே கணக்கில்லை. “நம்ம பொணம் வந்தாச்சா? பொணத்துக்கு ஒரு டீ குடுங்கப்பா” என்றுதான் அங்கே பேச்சு. வீட்டில் என் அம்மா கேலி செய்வாள்: “ஏன்க்கா, ஒரு படத்துலயாவது உன்னை உயிரோட காட்டக் கூடாதா?”

“உயிரோட இருக்கறதுக்குத்தான் அங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்களே.”

என் சின்ன வயதில் நாங்கள் அந்தப் படங்களை டேப்பில் பார்த்திருக்கிறோம். இருட்டுக் காட்சிகளில் எதுவுமே துலங்காது. பிணம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ மூட்டை கிடக்கும். “அதோ பெரியம்மா!” என்று கத்துவேன். “அது தலையணைடி” என்பாள் அக்கா.

அக்கா என்றால் பெரியம்மாவின் ஒரே மகள். என்னைவிட ரொம்பப் பெரியவள். அவளைப் பற்றிச் சொல்வதானால் பெரியப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். போட்டோவில் பார்த்ததுதான்: மெலிந்த உடம்பு, வகிடெடுத்த தலை. அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வேறு எந்தப் படத்தையும் மாட்ட விடமாட்டாள். அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடப்பாராம். கீழே இறக்கிவிட்டால் அழுவாளாம். “எங்கப்பா ஒருநாள்கூட குரலை உயர்த்தினதில்ல” என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. கட்டிக்கொண்டவரோடு சண்டை வந்தாலும் அதே அளவுகோல்தான். அந்த மனிதர் பாவம், செத்துப்போனவரோடு போட்டிபோட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

பெரியப்பா இறந்தது ஒரு மதியம், வீட்டில், நெஞ்சு வலியில். அந்த நேரத்தில் பெரியம்மா ஸ்டூடியோவில் பிணவறை வண்டியின் மேல் பிணமாகக் கிடந்தாள். தகவல் சொல்லப் போனவரை உள்ளே விடவில்லை. அவள் சாயங்காலம்தான் வந்தாள், காதுக்குப் பின்னால் சாம்பல் பூச்சுகூடக் கலையாமல். வாசலில் நின்ற அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அப்போது பெரியம்மா ஒரு அலறல் போட்டிருக்கிறாள். தெருக்கோடி வரை கேட்டதாம். அதற்கு முன்பும் பின்பும் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. “உள்ள போய் முகத்தைக்கூடப் பார்க்கல, வாசல்லயே அலறினா பாரு. அவ்வளவு உசுர் அவன்மேல” என்று உறவுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

அக்கா அந்த அலறலை ஒத்துக்கொள்வாள். ஆனால் மன்னிக்கமாட்டாள். “அப்பா சாகக் கிடந்தப்ப நீ பொணம் மாதிரி நடிச்சிக்கிட்டிருந்தே” என்று எந்தச் சண்டையிலும் கடைசியில் வந்து நிற்பாள். பெரியம்மா பதில் பேசியதே இல்லை. எவ்வளவு வெயிலாக இருந்தாலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டைதான் போடுவாள். அந்தச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவள் நான்தான். படித்து முடித்து எனக்குக் கிடைத்த வேலையை அப்பா இப்படிச் சொல்வார்: “பட்டம் வாங்கிட்டு தூசி தட்டப் போறா.” தப்பில்லை. பழைய பேய்ப் படங்களைப் புதிய டிஸ்க்குகளில் போட்டு விற்கும் ஒரு கம்பெனிக்காக நாங்கள் வேலை செய்கிறோம். டேப்பில் பார்த்ததை டிவிடியில் வாங்கி, அதையே ப்ளூ-ரேயில் வாங்கி, இப்போது ஃபோர்-கேயில் வாங்கக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பேய்க்குத் திரும்பத் திரும்பப் பயப்படத் தயாரானவர்கள். பேய்ப் படம் பார்க்கிறவர்களுக்குத்தான் இருட்டு இருட்டாகவே தெரிய வேண்டும். டேப்பில் அது சேறாகத் தெரியும். அசல் நெகடிவை ஸ்கேன் செய்து ஒவ்வொரு ஃப்ரேமாகத் துடைப்பது என் வேலை. ஜன்னல் இல்லாத அறை, கறுப்புச் சுவர், ஏசிக் குளிர்.

எங்கள் தலைவருக்கு லென்ஸ் என்று பெயர் வைத்திருந்தோம். மானிட்டரில் மூக்கு இடிக்கிற மாதிரிதான் எதையும் பார்ப்பார். அவர் முதல் நாளே சொன்ன விதி ஒன்றுதான்: “கேமரா பார்த்ததைத் தொடாதே. அதுக்கப்புறம் பிலிம்மேல விழுந்ததை எடு.” தூசி, கீறல், பூஞ்சை, ரசாயனக் கறை எல்லாம் போகும். மற்றதெல்லாம் இருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது இதைத்தான் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன்.

“ஒரு பேயோட முதுகுல ஜிப் தெரியுதுக்கா. அதைக்கூட நாங்க அழிக்கமாட்டோம்.”

“ஐயோ, பேய்க்கு ஜிப்பா!” அக்கா சிரித்தாள்.

“ஒட்டுமீசை, விக், மேக்கப் எல்லாம் அப்படியே இருக்கும். கேமரா பார்த்திருக்குல்ல. அது தப்பாவே இருந்தாலும் விட்டுடணும். அடுத்து என்ன படம் வந்திருக்கு தெரியுமா? பெரியம்மாவோட மார்ச்சுவரி படம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்பா செத்த அன்னைக்கு எடுத்ததா?”

நான் தலையாட்டினேன். அந்த ஒரு படத்தை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. டேப் கிடைத்தபோதுகூட வீட்டுக்குள் விடவில்லை.

“டிஸ்க் வரட்டும், முதல் ஆளா வாங்கறேன்” என்றாள். “அன்னைக்கு வீட்டுக்கு வராம இவங்க அப்படி என்ன சாதிச்சாங்கன்னு தெளிவா பார்க்கணும். நீ துடைச்சுக் குடுக்கறதாச்சே.”

அக்கா கிளம்பிப் போன பிறகு பெரியம்மா என்னிடம் வந்தாள். “ரொம்பத் தெளிவா தெரியுமோ?”

“தோல்ல இருக்கற சின்னச் சின்ன குழிகூடத் தெரியும் பெரியம்மா.”

“கறுப்பு வெள்ளைதானே?”

“அதனால என்ன? எல்லாம் தெரியும்.”

முதல்முறையாக உன் முகம் தெரியப் போகிறது என்று சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்தக் காட்சி என் மேசைக்கு வந்தது. பிணவறை, வண்டி, வெள்ளைப் போர்வை. போர்வை சரிந்து இடது கை தோள் வரை வெளியே தொங்குகிறது. கேமரா அசையாமல் நீண்ட நேரம் அதையே பார்க்கிறது; அந்தக் கை எப்போது அசையும் என்று நம்மைப் பயமுறுத்துவதற்காக. டேப்பில் அது ஒரு வெளிறிய கோடு. இப்போது நகக்கண் தெரிந்தது, சாம்பல் பூச்சில் பிரஷ் போன தடம் தெரிந்தது. பூச்சு முழங்கைக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. அதற்கும் மேலே வெறும் தோல். அதில் நான்கு திட்டுகள் வரிசையாக, எதிர்ப்பக்கத்தில் பெரிதாக இன்னொன்று.

மேக்கப் என்றுதான் முதலில் நினைத்தேன். மேக்கப்பில் பிரஷ் தடம் இருக்கும். இதில் இல்லை. இது தோலுக்கு மேலே இல்லை, உள்ளே இருந்தது. திரையில் என் விரல்களை அந்தத் திட்டுகளுக்கு மேலே விரித்து வைத்துப் பார்த்தேன். வைத்தது யாராக இருந்தாலும் அந்தக் கை என்னுடையதைவிடப் பெரியது.

நான் போய்க் கேட்டபோது பெரியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாதவள்போல் நடிக்கவில்லை.

“தெரியுதா?” என்றாள்.

“தெரியுது.”

“முந்தின நாளு. குழம்புல உப்பு இல்லைன்னோ இருந்துச்சுன்னோ, ஏதோ ஒண்ணு.” மடித்ததை மறுபடி பிரித்து மடித்தாள். “மேக்கப்காரர் பார்த்தார். ‘இதுமேல பூச வேணாம்மா, நல்லாத்தான் இருக்கு’ன்னார். அவருக்கு நான் வந்தாலே பாதி வேலை மிச்சம்.”

“எப்பவுமா?”

“எல்லாரும் கேப்பாங்க, எப்படிம்மா இப்படி அசையாம கிடக்கறேன்னு. அந்த வித்தையை ஸ்டூடியோவிலயா கத்துக்கிட்டேன்? அசையாம கிடந்தா உன் பெரியப்பாவுக்கு சலிச்சுடும், விட்டுடுவார். சத்தம் போடமாட்டார். குரலை உயர்த்தினதே இல்லைன்னு இவ சொல்றாளே, அது உண்மைதான். பக்கத்து ரூம்ல புள்ள தூங்கும்.”

மடித்த துணியை அடுக்கில் வைத்தாள்.

“அதை அழிச்சிடு” என்றாள். “நீதான் துடைக்கறவளாச்சே. அவ பார்க்கக் கூடாது.”

“பெரியம்மா, இத்தனை வருஷமா அக்கா உன்னைப் பேசாத பேச்சு இல்லை. அவ தெரிஞ்சுக்கட்டுமே. நீ ஏன் மறைக்கணும்?”

“அவளுக்கு இருக்கறது அந்த ஒரு அப்பன். நான் கெட்டவளா இருந்தாத்தான் அவன் அவளுக்கு மிச்சம். நான் நல்லவளாயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?”

“நீ இருக்கியே.”

“நான் எப்பவுந்தானே இருந்தேன்” என்றாள் பெரியம்மா. “அதுல அவளுக்கு என்ன லாபம்?”

படித்தவள் என்பதால் எனக்கு ஒரு பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. உண்மையை மறைத்தால் அது அடித்தவனுக்குத்தான் காவல் என்று வகுப்பில் நானே எழுந்து பேசியிருக்கிறேன், கைதட்டல்கூட வாங்கினேன். ஆனால் அந்தக் கை என் கையில்லை. அடிவாங்கியவள் வேண்டாம் என்கிறாள். அவளுக்கு மேலே நான் யார்? அல்லது இப்படி நினைப்பதுதான் எனக்குச் சௌகரியமாக இருந்ததா? இன்னும் தெரியவில்லை.

அழித்தேன். கீழே இருந்த தோலை எடுத்து மேலே ஒட்டி, ஒளி விழும் பக்கத்தைச் சரிசெய்து, பிலிமின் மணற்பொடி போன்ற துகள்களை மேலே தூவினேன். காட்சி முழுவதும், ஃப்ரேம் ஃப்ரேமாக. என் வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியாக வேறெதையும் செய்ததில்லை. கடைசியில் அந்தத் தோலில் ஒருபோதும் யாருடைய விரலும் பட்டிருக்கவில்லை.

லென்ஸ் வந்து மூக்கை நீட்டினார். “இங்க என்ன இருந்துச்சு?”

“நெகடிவ்ல கறை சார். பூஞ்சைன்னு நினைக்கறேன். சுருள் முழுக்க ஊறியிருந்துச்சு.”

பழைய ஸ்கேனையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் என் தோளில் தட்டினார். “இவ்வளவு பெரிய கறையா! அசல் தோலேதான். பிரமாதம்.” வேறு யாரையோ கூப்பிட்டும் காட்டினார். தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

டிஸ்க் வந்தது. சொன்னபடி அக்கா வாங்கினாள். அவள் வீட்டில் ஒரு மதியம் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். பெரியப்பாவின் படத்துக்குக் கீழே பெரிய டிவி. அக்கா சோபாவில், நான் தரையில், பெரியம்மா கதவோரமாக ஒரு நாற்காலியில், எழுந்து போகத் தயாரானவள்போல.

பிணவறைக் காட்சி வந்தது. போர்வை சரிந்தது, கை தொங்கியது. பளிங்கு மாதிரி சுத்தமான கை. அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். என்னவோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். காட்சி முடியும்போது, “நல்லாத்தான் செத்திருக்கே” என்றாள். அவள் குரலில் அவ்வளவு காரம் இல்லை. பெரியம்மா அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது அவள் எழுந்து, “டீ போடட்டுமாடி?” என்றுகூடக் கேட்டாள்.

“இரும்மா. இவ பேரு இதுல வரலியே. எங்கயாவது போட்டிருப்பாங்க.” அக்கா ரிமோட்டை எடுத்து டிஸ்க்கின் மெனுவுக்குள் போனாள். என் பெயரைத் தேடித்தான் போனாள். டிரெய்லர், புகைப்படங்கள், கடைசியில் ஒன்று: சீரமைப்புக்கு முன்னும் பின்னும்.

அந்தப் பகுதியைத் தயாரிப்பது வேறு ஆட்கள். எங்கள் வேலை எவ்வளவு நேர்த்தி என்று வாங்கியவர்களுக்குக் காட்ட, மிக மோசமாகக் கெட்டுப்போயிருந்த இடங்களாகப் பார்த்து எடுத்துப் போடுவார்கள். எந்த இடங்கள் என்று லென்ஸிடம் கேட்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை.

திரையில் பிணத்தின் கை வந்தது. நடுவில் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் முன், வலப்பக்கம் பின். கோடு மெதுவாக வலதுபுறம் நகர்ந்தது. சுத்தமான தோலின் மேல் முதல் திட்டு வந்தது, இரண்டாவது வந்தது, வரிசையாக எல்லாம் வந்தன. கோடு திரும்பி வந்தது. எல்லாம் மறைந்தன. மறுபடி வந்தன.

“அது என்னது?” என்றாள் அக்கா.

“மேக்கப்பு” என்றாள் பெரியம்மா.

“கறை” என்றேன் நான்.

ஒரே நேரத்தில் சொன்னோம்.

அக்கா ரிமோட்டை அழுத்தினாள். கோடு வலது ஓரத்தில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவை.

“மேக்கப்பை அழிக்கமாட்டோம்னு சொன்னியே” என்றாள் என்னிடம். “பேயோட ஜிப்பைக்கூட.”

பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

“கறைன்னா அது பிலிம்ல இருந்திருக்கும். அது உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ அங்க ஏதோ இருந்துச்சுன்னு தெரிஞ்சு சொல்றே.”

“பழைய கதைடி. விடு.”

அக்கா விடவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். அந்த வெளிச்சத்தில் அவள் முகம் சாம்பலாகத் தெரிந்தது. திரையைத் தொடாமல், நான்கு விரல்களையும் கட்டைவிரலையும் காற்றில் மெதுவாக மடக்கினாள். அவளுக்கும் அளவு போதவில்லை. தலைக்கு மேலே பெரியப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிரவில்லை.

“அன்னைக்கு வாசல்ல உன் கையைப் பிடிச்சு இழுத்தேன்ல” என்றாள். “எந்தக் கைம்மா அது?”

பெரியம்மா இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டாள். தெரிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

“நீ அலறினே. எல்லாரும் சொன்னாங்க, அப்பாவுக்காகன்னு. நானும்… நான்தானே அந்த எடத்துல பிடிச்சேன்?”

“அப்பாவுக்காகத்தான் அழுதேன்” என்றாள் பெரியம்மா, அவசரமாக.

அக்காவின் கையிலிருந்த ரிமோட் அழுந்தியதோ என்னவோ, கோடு மறுபடி நகரத் தொடங்கியது. கை சுத்தமானது, அழுக்கானது, சுத்தமானது.

“டீவியை அணைங்கடி” என்றாள் பெரியம்மா. “பொணத்துக்குக் கண்ணு கூசுது.”

அவளுடைய ஜோக்குக்கு யாரும் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அக்கா இப்போது வருவதில்லை. சண்டை என்றில்லை. போன் செய்தால் எடுக்கிறாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை, உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லி வைத்துவிடுகிறாள். முன்பாவது திட்டுவதற்கென்று அம்மாவிடம் வந்துகொண்டிருந்தாள். அந்தச் சுவரில் பெரியப்பாவின் படம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பதிலுக்குச் சந்தோஷப்படுவது என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் பெரியம்மா கேட்டாள்: “அந்த ‘முன்’னை மட்டும் அழிச்சிட முடியாதாடி?”

“எல்லார் வீட்டுக்கும் போயிடுச்சு பெரியம்மா.”

“ம்.” பிறகு, “முகம் தெரிஞ்சுதா?” என்றாள். “நான் கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். முகத்தைப் பார்க்க விட்டுப்போச்சு. எப்படி இருந்தேன்?”

அந்தக் காட்சியோடு அத்தனை நாள் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் கையின் ஒவ்வொரு மயிர்க்காலும் எனக்குத் தெரியும்.

“நல்லா இருந்தே பெரியம்மா” என்றேன். முகம் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.